உராய்வு நான்கு வகைப்படும்

வராது. இன்னும் எவ்வளவு சோப்புப் போட்டாலும் இது வராது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் இடது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்கு நகம் வெட்டுகிறவர் போல மூச்சை அடக்கிக்கொண்டு இந்த மனுஷன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறார். திருகட்டும். கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் வந்து நின்றாயிற்று, வரும்போதே அதன் சக்கரம் ஒன்று கீச்சென்று கத்தியது, இவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது, பேரிங் கடைக்காரர் அல்லவா, கிரீஸ் காய்ந்த சக்கரச் சத்தம் கேட்டால் இவருக்குப் பல் கூசும். சிஸ்டர் ரெபேக்கா சொல்லிவிட்டுப் போய்விட்டாள். "உள்ள ஒரு கேஸ் ஓடுதுங்கம்மா, அது முடிஞ்சதும் நீங்கதான். உடம்புல பொட்டுத் தங்கம் இருக்கக் கூடாது, மோதிரத்தக் கழட்டிருங்க. வரலீன்னா சொல்லுங்க, கட்டர் வெச்சு வெட்டிரலாம்." வெட்டவா? நான் கையைச் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். வெட்டவே கூடாது என்றேன். இவரும் வேண்டாம் என்றார். "அப்பக் கழட்டித்தான் ஆகோணும். இன்னைக்கு விட்டா அடுத்த மாசந்தான், டாக்டரம்மா ஊருக்குப் போறாங்க" என்றாள் அவள். அடுத்த மாசம் என்ற சொல் என் காதில் எப்படி விழுந்தது தெரியுமா, மழைக்கு லீவு விட்டாச்சு என்று சொன்னால் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காதில் விழுமே, அப்படி. அப்போதிலிருந்துதான் விரலை மடக்க ஆரம்பித்தேன். நிறைய இல்லை. சோப்பு நுரைக்குள் வெளியே தெரியாத அளவுக்கு, நடு மூட்டை மட்டும் லேசாக. மோதிரம் அதுவரை வருகிறது, மூட்டில் முட்டுகிறது, நின்றுவிடுகிறது. இவர், "நோவுதா புள்ள?" என்கிறார். "நோவுதுங்" என்கிறேன். பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு பொய் சொல்கிறேன்.

இந்நேரம் மூன்றாவது பீரியட் தொடங்கியிருக்கும். எட்டாம் வகுப்பு பி பிரிவு. இன்றைக்குப் பாடம் உராய்வு, நான் லீவு போட்டதால் மரகதம் டீச்சர் போயிருப்பாள், அவள் வரலாறு எடுப்பவள், உராய்வையும் ஒரு மன்னர் பரம்பரை மாதிரித்தான் நடத்துவாள், நிலை உராய்வு, நழுவு உராய்வு, உருளும் உராய்வு, பாய்ம உராய்வு, எழுதிக்கோங்க பிள்ளைகளா, அடிக்கோடு போடுங்க, முடிந்தது கதை. அப்படி நடத்தக் கூடாது அதை. நான் என்றால் முதலில் என் மேஜையைத் தள்ளச் சொல்வேன். தேக்கு மேஜை, அந்தக் காலத்துக் கனம். முதல் பெஞ்சு வந்து தள்ளும், அசையாது, இரண்டாவது பெஞ்சும் சேர்ந்து தள்ளும், அசையாது, கடைசி பெஞ்சு தடியன்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவார்கள், அப்போதுதான் தரையைப் பிறாண்டிக்கொண்டு சடாரென்று நகரும், நகர்ந்த பிறகு பாருங்கள், இரண்டு பேர் தள்ளினாலே போகும். கிளப்புவதுதான் பாடு, ஓட்டுவது அவ்வளவு பாடில்லை. நிற்கிற பொருளுக்குத்தான் பிடிவாதம் அதிகம். அப்புறம் நான் கேட்பேன், முதல் பெஞ்சு தள்ளும்போது மேஜை எவ்வளவு எதிர்த்தது? ஒருத்தருக்கும் பதில் தெரியாது. அவர்கள் எவ்வளவு தள்ளினார்களோ அவ்வளவுதான். கடுகளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாருமே தள்ளாவிட்டால் மேஜை எதையும் எதிர்க்காது, சிவனே என்று நிற்கும். போன வருஷம் ஒருத்தி எழுந்து, "அப்ப நாம எவ்வளவு தள்ளறோம்னு மேஜைக்குத் தெரியுமாங் டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னேன். இப்போது படுத்துக்கொண்டு யோசிக்கிறேன், தெரியும் போலத்தான் இருக்கிறது, எனக்குத் தெரிகிறதே, இவர் கொஞ்சம் இழுத்தால் நான் கொஞ்சம் மடக்குகிறேன், இவர் விட்டால் நானும் விட்டுவிடுகிறேன், தேக்கு மேஜையை விட நான் என்ன ஒசத்தி. மரகதம் இதையெல்லாம் சொல்லித்தரப் போவதில்லை. நான் திரும்பிப் போய் முதலிலிருந்து நடத்த வேண்டும். திரும்பிப் போனால்.

திரும்பிப் போனால் என்று ஏன் நினைத்தேன். நினைக்காதே. இவரைப் பார். காதோரத்து முடி முழுசும் நரைத்துவிட்டது, டை அடிக்கச் சொன்னால் கேட்பதில்லை, சட்டைப் பையில் இன்றைக்கும் அந்தப் பழைய துணி, கடையில் கை துடைக்கிற துணி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் எடுத்துப் பையில் செருகிக்கொண்டார், துவைத்துப் போட்டாலும் அதிலிருந்து கிரீஸ் வாசம் போகாது. கல்யாணம் ஆன புதிதில் அந்த வாசம் எனக்குக் குமட்டும். இப்போது இந்த டெட்டால் நாற்றத்துக்கு நடுவே அது ஒன்றுதான் வீடு மாதிரி இருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது என் அப்பா பெருமையாக, பொண்ணு சயின்ஸ் டீச்சருங்க என்று சொல்ல, இவர் தலையைக் குனிந்துகொண்டே, "நானும் உராய்வத்தாங்க விக்கறேன். பேரிங் கடை" என்றார். விற்பது உராய்வை அல்ல, உராய்வு இல்லாமல் செய்வதை என்று எனக்கு அப்போதே நாக்கு துறுதுறுத்தது, அம்மா கிள்ளினாள், அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு மிச்சம் வைத்ததையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்துப் பேசிவிட்டேன், அது வேறு. இவர் பேச மாட்டார். சென்னியப்பன் என்று பெயர் வைத்ததற்குப் பதில் கம்முனு இரு என்றே வைத்திருக்கலாம். லாரிக்காரர்கள் வந்து பேரிங் கேட்டால் எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் கேட்டுவிட்டுக் கொடுப்பார், அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. இன்றைக்குக் காலையிலிருந்து இவர் பேசியது மொத்தமே நோவுதா புள்ளயும், வெட்ட வேண்டாம் என்றதும், சிஸ்டரிடம் கேட்ட ஒரு கேள்வியும்தான். சோப்பில் வரவில்லை என்றதும் எழுந்து வாசல் வரை போய், ரொம்ப மரியாதையாக, "ஏனுங் சிஸ்டர், இங்க கிரீஸ் ஏதாச்சும் இருக்குங்களா?" என்றார். அந்தப் பெண் திகைத்துப் போய், "ஆப்பரேஷன் தியேட்டர்ங்க சார் இது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து தையல் போடாத வயிறே வலித்தது. இவருக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

இந்த மோதிரம் குடத்திலிருந்து வந்தது. கல்யாணத்தன்று, சாயங்காலம், குறுகிய வாய்க் குடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி மோதிரத்தைப் போட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் கைவிட்டுத் தேடுங்கள், எடுக்கிறவர் பேச்சுத்தான் வீட்டில் எடுபடும் என்று சுற்றி நின்று கூச்சல். கையை விட்டேன். அதுதான் நான் முதன்முதலாக இவர் கையைத் தொட்டது, தாலி கட்டும்போது தொட்டது கணக்கில் சேராது, அப்போது ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, இது தண்ணீருக்குள், ஒருத்தருக்கும் தெரியாமல். காய்ப்பு ஏறிய கை, விரல் நுனியெல்லாம் சொரசொர, ஆனால் தண்ணீருக்குள் அந்தச் சொரசொரப்பு மழுங்கி மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பாய்ம உராய்வு. இரண்டு பரப்புக்கும் நடுவே தண்ணீர் புகுந்துகொண்டால் ஒன்றை ஒன்று பிறாண்டாது. அன்றைக்கு யார் அதையெல்லாம் நினைத்தது, எனக்குக் காது இரண்டும் சுட்டது. மோதிரம் என் கையில் மாட்டியது, தூக்கிக் காட்டினேன், பெரியம்மா குலவையிட்டாள், நான் ஜெயித்துவிட்டேன். அதைச் சொல்லியே இத்தனை வருஷமும் வீட்டை ஆண்டிருக்கிறேன். இவர் மறுப்பே சொன்னதில்லை. இப்போது தாலிக்கொடியைக் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டியிருக்கிறேன், அதற்கு மேல் சிஸ்டர் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். அந்தக் கயிற்றின் முடிச்சையும் சற்று முன் இவர்தான் போட்டார், சரியாக விழவில்லை என்று மறுபடி மறுபடி போட்டார். முடிச்சு என்றால் என்ன, நூல் மேல் நூல் உராய்ந்து நிற்பதுதானே. உலகத்தில் உராய்வே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளா, நடக்க முடியாது, சாக்பீஸ் எழுதாது, ஆணி சுவரில் நிற்காது என்று சொல்லும்போது, தாலியும் நிற்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை, தோன்றவில்லை. வழுவழுவென்று ஒரு குடித்தனம் நடத்தியிருந்தால் இருவரும் எப்போதோ ஆளுக்கொரு பக்கம் சறுக்கிப் போயிருப்போம். இவர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவதற்கும், நான் இவர் சாப்பிடுகிறபோது கணக்குக் கேட்பதற்கும் எவ்வளவு உரசியிருக்கிறோம்.

ஸ்ட்ரெச்சர் சக்கரம் மறுபடி கீச்சென்றது. யாரோ அதை ஓரமாக நகர்த்துகிறார்கள், ஒரே ஒரு ஆள், ஒரே கையால். உருளும் உராய்வு, இருப்பதிலேயே குறைச்சல், சூட்கேஸுக்குச் சக்கரம் ஏன் வைத்தார்கள் என்று பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. என்னை அதில் படுக்க வைத்துவிட்டால் அவ்வளவுதான், ஒரு தம்பி ஒரு கையால் தள்ளிக்கொண்டு போய்விடுவான், என் எடை, என் பிடிவாதம், எதுவும் அங்கே எடுபடாது, கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக என் முகத்துக்கு மேல் கடந்து போகும், கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, குறைந்த உராய்வு, எளிதான இயக்கம். பயமே அதுதான். மூக்கில் ஒன்றை வைத்து எண்ணச் சொல்வார்களாம், எண்ணிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுமாம், அதற்கப்புறம் நான் எங்கே இருப்பேன், ஆப்பரேஷன் மேஜை மேல் கிடக்கிற அந்த உடம்பில் நான் இருப்பேனா. கர்ப்பப்பையில் கட்டி, பெரிசாகிக்கொண்டே போகிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் என்ன கட்டி என்று சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. என்ன கட்டி என்று சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று எனக்கு. சித்திரையில் சொன்னார், நான் பள்ளிக்கூடத்தில் ஆண்டுத் தேர்வு என்றேன். அப்புறம் மகளுக்குக் கல்லூரியில் சேர்க்கை என்றேன், அப்புறம் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம், அப்புறம் ஆடி மாசம், ஆடியில் யாராவது வயிற்றைக் கிழிப்பார்களா. ஒவ்வொரு தரமும் இவர், "செரி புள்ள" என்பார். அந்தச் செரி புள்ளயைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தரமாவது அதட்டக் கூடாதா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரக் கூடாதா, வேறு வீட்டு ஆண்பிள்ளைகள் என்றால் சத்தம் போட்டிருப்பார்கள். கடைசியில் பாத்ரூமில் மயங்கி விழுந்து, ரத்தம் குறைந்துபோய், டாக்டரம்மாவே தேதி குறித்த பிறகுதான் வந்து படுத்தேன். மகளிடம் சாதாரண ஆப்பரேஷன் என்று சொல்லி, பரீட்சையை விட்டுவிட்டு வராதே என்று சொல்லிவிட்டோம். அவள் நம்பிவிட்டாள். அப்பா கூட இருக்கார்ல, அப்புறம் என்னம்மா என்றாள். ஆமாம் கண்ணு, கூடத்தான் இருக்கிறார்.

கதவு திறந்தது. சிஸ்டர்தான். "முடிஞ்சுதுங்கம்மா, தையல் போட்டுட்டு இருக்காங்க. இன்னும் வரலியா? சார், இந்தாங்க தேங்காயெண்ணெய், கடைசியா இதுல பாருங்க. இல்லீன்னா நான் டாக்டரம்மாகிட்டச் சொல்லிடறேன், வேற தேதி பாத்துக்கலாம்." ஒரு சின்ன பாட்டிலைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள். வேற தேதி. கூடை நிறைய நிம்மதியும் அதற்கு அடியில் ஒரு கல்லும் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. மயங்கி விழுந்த அன்று பாத்ரூம் தரை எவ்வளவு சில்லென்று இருந்தது, அது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும். இவர் எண்ணெயை ஊற்றினார். உள்ளங்கையில் ஊற்றி, தேய்த்துச் சூடாக்கி, பிறகுதான் என் விரலில் தடவினார், எண்ணெய் ஜில்லென்று பட்டுவிடக் கூடாதாம். நான் மூட்டை மடக்கினேன். இவர் மோதிரத்தைப் பிடித்தார். திருகிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும் என்று எனக்கும் தெரியும் இவருக்கும் தெரியும், பாட்டில் கார்க்கைத் திருகிக்கொண்டே இழுப்பதில்லையா, ஒரு பக்கம் நழுவ ஆரம்பித்துவிட்டால் உராய்வின் பலமெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், இன்னொரு பக்கம் காவல் இருக்காது. இறுகிப்போன பேரிங்கைத் தண்டிலிருந்து இவர் கழற்றுவதைக் கடையில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன், கழுத்து நரம்பு புடைக்கும், கட்டைவிரல் நகம் வெள்ளையாக வெளுத்துவிடும், பல்லைக் கடிப்பார், வராமல் இருந்ததே இல்லை. நான் இவர் நகத்தைப் பார்த்தேன். எண்ணெயில் பளபளவென்று, ரோஜா நிறத்தில், ரத்தம் ஓடிக்கொண்டு இருந்தது. வெளுக்கவில்லை. கழுத்தைப் பார்த்தேன். நரம்பு இல்லை. நெற்றி மட்டும் வேர்த்துக் கொட்டுகிறது. ஃபேன் ஓடுகிறது, இவருக்கு வேர்க்கிறது.

தள்ளியும் ஒரு பொருள் நகரவில்லை என்றால் அந்த அளவுக்கு உராய்வும் எதிர்க்கிறது என்றுதான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன். தள்ளுகிறவன் தள்ளுகிற மாதிரி கையை மட்டும் வைத்திருந்தாலும் அது நகராதுதான். அதைச் சொல்வதே இல்லை, தள்ள வந்தவன் தள்ளாமல் நிற்பானா என்ன. நான் மெதுவாக, இவருக்குத் தெரியும்படியே, விரலை நேராக நீட்டினேன். மடக்கு எதுவும் இல்லை. இப்போது மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இவர் கை அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

"ஏனுங்க."

"ம்."

"நீங்க இழுக்கவே இல்லீங்களா?"

நிமிரவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ ஒருத்தி, டீ வந்துருச்சா என்று கேட்டுக்கொண்டு போனாள். 

"நீ மடக்கி வெச்சிருந்தது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார். "மொதல்லயே தெரிஞ்சுது. நானும் சும்மா இழுக்கறாப்ல கைய வெச்சுட்டு இருந்தேன்."

"ஏனுங்க அப்படி?"

"அந்த பெஞ்சுங்." எனக்கே ங் போட்டுப் பேசுகிறார், பயம் வந்தால் இவருக்கு எல்லோரும் வாடிக்கையாளர்தான். "வெளிய தியேட்டருக்கு முன்னால ஒரு பெஞ்சு கெடக்குது. வர்றப்பவே பாத்தேன். நீ உள்ள போயிட்டா நான் அதுல தனியா உக்காந்திருக்கோணும். ஒவ்வொருக்காவும் நீ வேண்டாம்னு சொல்றப்ப எனக்கு... நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு புள்ள. சத்தம் போட்டுக் கூட்டியாந்திருக்கோணும். தெரியுது. முடியல."

அட என் மனுஷா. இத்தனை மாசம் நான் மடக்க, நீ இழுக்காமல் இருக்க, நடுவில் அது பாட்டுக்குப் பெரிசாகிக்கொண்டு. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, நியாயமான கோபம், வாய் வரை வந்தது, அதற்குள் இவர் எண்ணெய்க் கையோடு கண்ணைத் துடைக்கப் போனார், எரியும், கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கை கைக்குள் நிற்காமல் வழுக்கியது. இறுக்கிப் பிடித்தேன். இவர் மேல் எனக்கு இருக்கிற ஆசையை இவ்வளவு வருஷத்தில் ஒரு தரமாவது வாயால் சொல்லியிருக்கிறேனா என்று பார்த்தால், நானும்தான் சொல்லவில்லை, பேசுகிறவள் என்று பெயர்.  பாத்ரூம் தரையின் சில்லிப்பு மறுபடி முதுகில் ஏறியது. இன்னொரு மாசம் போனால் இன்னொரு தரம் விழுவேன். அப்போது என்னைத் தூக்குகிறவரும் இவர்தான்.

"பெஞ்சுல உக்காராதீங்க" என்றேன். "கீழ போய் ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க. காலைல இருந்து நீங்களும் எதும் சாப்பிடல, எனக்குத் தெரியும். நான் வந்துருவேன்."

"வந்துருவியா?"

"வந்துருவேன். நம்ம வீட்ல யார் பேச்சு எடுபடும்?"

லேசாக, உதட்டு ஓரத்தில் ஒன்று வந்து போனது. நான் இடது கையை இவர் முகத்துக்கு நேரே நீட்டினேன், விரலை விறைப்பாக வைத்துக்கொண்டேன், ஒரு மடக்கும் இல்லாமல்.

"இப்ப இழுங்க. நெசமாலும் இழுங்க."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சை இழுத்துவிட்டார். கட்டைவிரல் நகம் வெளுத்தது, கழுத்தில் நரம்பு எழுந்தது, மோதிரம் மூட்டுக்கு வந்து தோலைச் சுருட்டியது, நிஜமாகவே வலித்தது, நான் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை, ஒரு திருகு திருகினார், மூட்டைத் தாண்டியதும் அது எவ்வளவு லேசாகப் போனது, வந்தது தெரியாமல் வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம், கல்யாணத்துக்கு முந்தின நாள் தோல். இவர் மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி திறந்தார். வரவில்லை.

நான்தான் கூப்பிட்டேன். "சிஸ்டர், மோதிரம் வந்துருச்சுங்க. நாங்க ரெடி."